மட்டையில் பூட்டிய சென்சர் பிழையான எண் காட்டுகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

ரொறன்ரோவிலிருந்து வருகிற சொந்தக்காரரின் பெட்டிக்குள் ஒரு பேஸ்போல் மட்டை இருப்பது யாழ்ப்பாணத்தில் இப்போது பெரிய அதிசயமில்லை. மென்பந்தை வைத்து நாலு நாள் அடித்துப் பார்த்த பிறகு எந்த ஊர்ப் பெடியனும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணை, நான் சுத்துற வேகத்தை அளக்கேலாதோ?" அளக்கலாம். முடுக்கத்தையும் சுழற்சியையும் அளக்கிற எம்பியு-6050 சென்சர் ஒன்று, அதன் எண்ணை வாசித்து வைஃபையிலோ புளூடூத்திலோ அனுப்புகிற ஈஎஸ்பி32 போர்ட் (சின்னக் கணினிப் பலகை) ஒன்று, சின்ன லித்தியம் பற்றரி, சார்ஜ் பண்ணுகிற குட்டி மொடியூல். எல்லாமே கொழும்பிலிருந்து கூரியரில் வந்துவிடும். மட்டையின் பிடி முடிகிற இடத்தில் இருக்கிற குமிழோடு சேர்த்துப் பூட்டிவிட்டால் எண் வரும். வருகிற எண் உண்மையா என்பதுதான் தலையிடி.

கிரிக்கெட் மட்டையில் செய்பவர்களுக்கும் கீழே உள்ளதில் பெரும்பகுதி பொருந்தும். 2017 இல் இங்கிலாந்தில் நடந்த சாம்பியன்ஸ் கிண்ணப் போட்டியில் சில வீரர்களின் மட்டைப் பிடியின் உச்சியில் இப்படியான சென்சர் இருந்தது. அனில் கும்ப்ளேயின் நிறுவனம் 2018 இல் அறிமுகப்படுத்தியது மட்டையின் தோளில் ஒட்டுகிற மெல்லிய ரகம். எல்லே (பேஸ்போல் போன்ற நம்மூர் விளையாட்டு) தடியில் பூட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: மூங்கில், உள்ளே வெற்றிடம், ஆசை வரும்தான். கணு எங்கே என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

எதையும் திருத்த முன்

புரோகிராமைத் திறக்க வேண்டாம். மட்டையை மேசையில் அசையாமல் கிடத்திவிட்டு, சென்சர் தருகிற ஆறு மூல எண்களையும் அப்படியே திரையில் ஓட விடுங்கள். மூன்று முடுக்கத்துக்கு, மூன்று சுழற்சிக்கு. முடுக்கத்தின் எல்லையை ±16 ஜி என்று வைத்திருந்தால் (ஒரு ஜி என்பது பூமி இழுக்கிற அளவு) மேலே பார்க்கிற அச்சில் 2048 ஐ ஒட்டி ஓர் எண் நிற்க வேண்டும், மற்ற இரண்டும் பூச்சியத்தை ஒட்டி. அந்த இடத்தில் 16384 நின்றால் நீங்கள் எல்லையை மாற்றவே இல்லை, சிப் பிறந்தபடி ±2 ஜி இல் இருக்கிறது. சுழற்சி எண்கள் பூச்சியத்துக்குக் கிட்ட நிற்கும், சரியாகப் பூச்சியத்தில் நிற்காது. செக்கனுக்கு 20 பாகை வரை விலகல் இருக்கலாம் என்று இந்தச் சிப்பைச் செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், ஆகவே ஓய்வில் நிற்கும்போது இரண்டு மூன்று செக்கன் சராசரி எடுத்து அதைக் கழித்துவிடுங்கள்.

பிறகு மட்டையை நிலத்தில் கிடத்தி, ஆறுதலாக ஒரு முழுச் சுற்றுத் திருப்பி, சுழற்சி வேகத்தை நேரத்தால் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். 360 பாகைக்குக் கிட்ட வர வேண்டும். இந்த இரண்டும் சரியென்றால் சிப்பிலும் வயரிலும் குற்றமில்லை, பிழை பூட்டின விதத்தில், அளக்கும் எல்லையில், அல்லது கணக்கில். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் முதல் இரண்டுதான், ஆனால் பெடியள் இரவிரவாக மூன்றாவதைத்தான் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

"எல்லாம் பூச்சியம்" அல்லது "எல்லாம் −1"

பூச்சியம் என்றால் பெரும்பாலும் சிப் தூக்கத்தில் இருக்கிறது. எம்பியு-6050 மின்சாரம் கிடைத்ததும் உறக்க நிலையில்தான் தொடங்கும், மின்சாரக் கட்டுப்பாட்டு றெஜிஸ்டரில் (சிப்புக்குள் இருக்கிற அமைப்புக் கட்டம்) பூச்சியத்தை எழுதினால்தான் விழிக்கும். −1 என்றால் அந்தப் பக்கம் பதில் சொல்ல ஆளில்லை: தரவு வயர் கழன்றிருக்கும், அல்லது முகவரி பிழை. பதினாறின் அடியில் 68 தான் வழமையான முகவரி, ஏடி0 என்ற காலை 3.3 வோல்ற்றில் கட்டியிருந்தால் 69. இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

"மேசையில் நல்லா வேலை செய்யுது, அடிச்ச உடனே செத்துப்போகுது"

இதுதான் அதிகம் வருகிற முறைப்பாடு. இதற்குள் மூன்று வேறு வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன, ஆகவே எப்படிச் சாகிறது என்று முதலில் பாருங்கள்.

போர்ட் திரும்பத் தொடங்குகிறதா (விளக்கு ஒருக்கால் அணைந்து எரியும், கணினியோடு தொடுத்திருந்தால் திரையில் பிரவுன்அவுட் என்று ஒரு வரி வரும்)? அப்படியென்றால் மின்சாரம் போதவில்லை. வைஃபை அனுப்புகிற கணத்தில் ஈஎஸ்பி32 சில நூறு மில்லி அம்பியர் இழுக்கும். பெரிய போர்ட்களில் இருக்கிற ஏஎம்எஸ்1117 என்ற வோல்ற் ஒழுங்காக்கிக்கு உள்ளே வருகிற வோல்ற்று வெளியே போவதை விட ஒரு வோல்ற்றுக்கு மேல் கூடுதலாக இருக்க வேண்டும். 3.7 வோல்ற் பற்றரியை 5 வோல்ற் காலில் கொடுத்தால் 3.3 எங்கேயிருந்து வரும்? சும்மா இருக்கும்போது சமாளிக்கும், அனுப்பத் தொடங்கினால் விழும். குறைந்த இழப்புள்ள ஒழுங்காக்கி இருக்கிற போர்ட்டை எடுங்கள், அல்லது அப்படி ஒன்றைத் தனியாகப் போடுங்கள், பக்கத்தில் ஒரு 470 மைக்ரோபரட் கொள்ளளவியும். வைஃபையை விட்டுவிட்டு புளூடூத்துக்கு மாறினாலும் இழுவை குறையும்.

போர்ட் தொடர்ந்து ஓடுகிறது, சென்சர் எண்கள் மட்டும் உறைந்துவிட்டனவா? அடி விழுந்த கணத்தில் வயர் ஒன்று ஒரு நொடி விட்டுப் பிடித்திருக்கிறது. அந்த நேரம் சென்சர் ஒரு விடையின் நடுவில் இருந்தால் தரவு வயரைக் கீழே பிடித்தபடியே காத்திருக்கும், நீங்கள் போர்ட்டை எத்தனை தரம் றீசெற் பண்ணினாலும் சென்சருக்கு மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கும், அது விடாது. கடிகார வயரில் ஒன்பது துடிப்பு அனுப்பினால் விடும், அல்லது மின்சாரத்தையே எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆனால் இது முதலுதவி. நோய், ஊசியும் துளையும் சேர்ந்த அந்த ஜம்பர் வயர்கள். மட்டைக்குள் அவை கூடவே கூடாது. மெல்லிய பல இழை வயரை நேரடியாகப் பற்றவையுங்கள், பற்று வைத்த இடத்திலிருந்து அரை அங்குலம் தள்ளி ஒரு துளி சிலிக்கன் வைத்து வயரைப் போர்ட்டோடு ஒட்டுங்கள். வயர் முறிவது எப்போதும் ஈயம் முடிகிற விளிம்பில்தான், அந்த விளிம்பு ஆடக் கூடாது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் ஈயத்தைச் சுற்றி மயிரளவு வட்டமாக ஒரு வெடிப்புத் தெரியும். வெறும் கண்ணுக்கு அது பளபளவென்று நல்ல பற்றாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, எல்லாமே ஒரேயடியாக இருட்டு. பற்றரியின் வெள்ளைச் செருகி கழன்றிருக்கும். செருகியை எறிந்துவிட்டுப் பற்றவையுங்கள் என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், பற்றரி ஊதினால் கெதியாகக் கழற்ற வேண்டிவரும். செருகியை விட்டுவிட்டு அதன் மேல் சூட்டில் சுருங்கும் குழாயைப் போடுங்கள்.

"நல்லா அடிக்கிற எல்லாருக்கும் ஒரே வேகம் காட்டுது"

புதிதாகச் சேர்ந்தவன் 60, 70 என்று மாறி மாறி அடிக்கிறான், பலசாலி மட்டும் என்ன செய்தாலும் 87 கிலோமீற்றரில் நிற்கிறான். அவனுக்குக் கோபம் வருவது நியாயம்தான்.

எம்பியு-6050 அளக்கக்கூடிய உச்சச் சுழற்சி செக்கனுக்கு 2000 பாகை, அதற்கு மேல் சுற்றினாலும் 32767 என்ற எண்ணிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். 2000 பாகை என்பது ஏறத்தாழ 34.9 ரேடியன். 33 அங்குல மட்டையில் பந்து படவேண்டிய இடம் குமிழிலிருந்து சுமார் 69 சென்ரிமீற்றரில் இருக்கிறது. பெருக்கினால் செக்கனுக்கு 24 மீற்றர், மணிக்கு 87 கிலோமீற்றர். அந்த 87 ஆளுடைய வேகமில்லை, சிப்பின் உச்சவரம்பு. மூல எண்களை வரைபடமாகப் போட்டால் மலை உச்சி வெட்டிவிட்டதுபோல் தட்டையாகத் தெரியும். ஒப்பிட ஓர் எண் தருகிறேன்: அமெரிக்காவின் மேஜர் லீக்கில் சராசரி மட்டை வேகம் மணிக்கு 72 மைல் அளவில், அதாவது 116 கிலோமீற்றர். அதே 69 சென்ரிமீற்றரை வைத்துத் திருப்பிப் பார்த்தால் செக்கனுக்கு 2600 பாகைக்கு மேல் வருகிறது. நல்ல அடிகாரனுக்கு இந்தச் சிப் போதாது.

முதலில் எல்லையை உண்மையிலேயே 2000 க்கு மாற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள், தொடக்கத்தில் அது 250 தான். 250 இலேயே விட்டவருக்கு எல்லாருமே 11 கிலோமீற்றரில் நிற்பார்கள், அது உடனே பிடிபடும். 2000 உம் போதாவிட்டால் 4000 பாகையும் 30 ஜியும் அளக்கிற ஐசிஎம்-20649 வாங்கலாம், விலை கூட.

காசு செலவில்லாத ஒரு தந்திரமும் இருக்கிறது. சிப் மூன்று அச்சையும் தனித்தனியாகத்தான் அளக்கிறது, உச்சவரம்பும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. சுழற்சி முழுக்க ஒரே அச்சில் விழும்படி பூட்டினால் 2000 இல் முட்டும். போர்ட்டை 45 பாகை திருப்பிப் பூட்டி, சுழற்சி இரண்டு அச்சுக்குப் பங்குபோகும்படி செய்தால் 2828 வரை தாங்கும், மூன்று எண்களையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டியதுதான். கிரிக்கெட் மட்டைக்கு முகம் இருப்பதால் இது அழகாக வேலை செய்யும். பேஸ்போல் மட்டை உருண்டை, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகப் பிடிப்பார்கள். ஒரே ஆளுக்கு ஒரு தரம் 87 உம் அடுத்த தரம் 105 உம் வருவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மர மட்டையில் கம்பனி முத்திரை இருக்கிறது, அது மேலே பார்க்கப் பிடிக்கச் சொல்லி, அதை வைத்து 45 பாகையைக் குறியுங்கள். அலுமினியத்தில் ஒரு துண்டு நிற ரேப்.

"வேகம் மறைப் பெறுமானமாக வருது, நடுவிலே திடீரெண்டு குறி மாறுது"

சிப் ஒவ்வோர் எண்ணையும் இரண்டு துண்டாக (பைற்) தரும். அவற்றை ஒட்டும்போது குறியுள்ள 16 பிற் எண்ணாக ஒட்டவில்லை, அல்லது முன்பின் மாற்றி ஒட்டியிருக்கிறீர்கள். சிப் பெரிய பைற்றை முதலில் தரும். முடிந்தது.

"மணிக்கு 300 கிலோமீற்றர்" என்று காட்டுகிறது

சிரித்துவிட்டுப் போகாதீர்கள், இதில் மூன்று காரணம் உண்டு, மூன்றும் வேறு வேறு அளவில் பொய் சொல்லும்.

57 மடங்கு கூடியிருந்தால் பாகையை ரேடியனாக மாற்றவில்லை. அது உடனே தெரிந்துவிடும்.

ஒன்றரை, இரண்டு மடங்கு கூடி, ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வந்தால் நீங்கள் முடுக்கத்தைக் கூட்டி வேகம் எடுக்கிறீர்கள், அதுவும் பந்து பட்ட அதிர்ச்சியையும் சேர்த்து. பந்து மட்டையில் இருப்பது ஒரு மில்லி செக்கன் அளவுதான். அதற்குள் நடக்கிற குலுக்கத்துக்கு 16 ஜி எந்த மூலைக்கு? வெட்டுப்பட்ட எண்ணைக் கூட்டினால் குப்பைதான் வரும். வேகத்துக்குச் சுழற்சியை நம்புங்கள், முடுக்கத்தை "எப்போது பட்டது" என்று அறிய மட்டும் வைத்திருங்கள், பட்ட கணத்துக்கு ஒரு சில மில்லி செக்கன் முன்னுள்ள சுழற்சியையே வேகமாக எடுங்கள்.

இருபது வீதம் அளவில் எப்போதும் கூடியே வந்தால் தூரம் பிழை. சுழற்சி மட்டையின் எந்த இடத்திலும் ஒன்றுதான், சென்சர் குமிழில் இருந்தால் என்ன, நடுவில் இருந்தால் என்ன. வேகம் அப்படியில்லை. செக்கனுக்கு 2400 பாகை சுற்றுகிற மட்டையை நுனிவரை 84 சென்ரிமீற்றர் என்று எடுத்தால் 127 கிலோமீற்றர் வரும். நுனியிலிருந்து 15 சென்ரிமீற்றர் உள்ளே எடுத்தால் 104. மேஜர் லீக் 2024 மே மாதத்திலிருந்து வெளியிடுகிற மட்டை வேகம் நுனியிலிருந்து ஆறு அங்குலம் உள்ளே உள்ள இடத்துக்கானது, அதையும் கமராக்களால்தான் அளக்கிறார்கள், மட்டையில் எதையும் பூட்டி அல்ல. அவர்களுடைய எண்ணோடு உங்கள் எண்ணை வைக்க விரும்பினால் அதே இடத்தை எடுங்கள். குமிழே கையோடு சேர்ந்து நகர்கிற வேகம் இந்தக் கணக்கில் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

"ஒரே மாதிரித்தான் அடிக்கிறன், ஒவ்வொரு தரமும் வேற எண்"

பூட்டு ஆடுகிறது. வேறு எதையும் யோசிக்க முன் இதைப் பாருங்கள்: மட்டையிலும் சென்சர் பெட்டியிலும் சேர்ந்து விழும்படி மார்க்கரால் ஒரு கோடு இழுங்கள். பத்து அடி அடித்த பிறகு கோட்டைப் பாருங்கள். இரண்டு மில்லிமீற்றர் விலகியிருந்தால்கூட அச்சு திரும்பிவிட்டது.

இரண்டு பக்கமும் ஒட்டுகிற தடித்த ஸ்பொஞ் ரேப்பை இங்கே பலரும் பாவிக்கிறார்கள். அது பஞ்சு, மட்டை அதிர்ந்தால் சென்சர் தன்பாட்டில் வேறொரு தாளத்தில் ஆடும். குளூ கன் பசை சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் மைதானத்தில் கிடந்தால் இளகிவிடும். இரண்டு குழாயைக் கலந்து ஒட்டுகிற எபொக்சிதான் நிற்கும், ஆனால் அதைச் சிப்பின் தலையில் ஊற்றாதீர்கள், காய்ந்து இறுகும்போது சிப்பை அழுத்தி ஓய்வு எண்களையே நகர்த்திவிடும். போர்ட்டின் நாலு மூலையில் நாலு துளி போதும்.

துளைப்பதா, மூடி போடுவதா என்பதில் என் பக்கம் மூடிதான். ஜிவை-521 என்ற அந்த நீலச் சென்சர் போர்ட் ஏறத்தாழ 21 க்கு 16 மில்லிமீற்றர், மூலைக்கு மூலை 26. பேஸ்போல் மட்டையின் பிடி 25 மில்லிமீற்றர் அளவு. படுக்கையாக அது பிடிக்குள் போகவே போகாது, குமிழுக்குள் மட்டும்தான் இடமிருக்கிறது, பற்றரியையும் வைக்க ஆசைப்பட்டு இன்னும் ஆழத் துளைத்தால் இரண்டு கையும் இறுக்கிப் பிடிக்கிற இடத்திலேயே மரம் கோதாகிவிடும், ஒரு நாள் மட்டை இரண்டாகி ஒரு துண்டு பந்து போடுகிறவனிடம் போகும். கிரிக்கெட் மட்டையின் பிரம்புப் பிடியைத் துளைப்பது இன்னும் மோசம். குமிழின் மேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கவிழ்த்து, பழைய சைக்கிள் ரியூபை வளையமாக வெட்டி இரண்டு மூன்றை அதன் மேல் இழுத்து மாட்டுங்கள். யாழ்ப்பாணத்தில் எந்தச் சைக்கிள் கடையிலும் இது சும்மா கிடைக்கும், இறுக்கமும் நல்லது. பற்றரியைச் சுற்றி மட்டும் மெல்லிய ஸ்பொஞ்: சென்சர் இறுக்கமாக, பற்றரி மெத்தையில், அதை மாற்றிச் செய்யாதீர்கள்.

பாரம் கூடிவிட்டது, அதனால் ஆட்டம் மாறிவிட்டது என்று சொல்பவருக்கு: குமிழில் 20 கிராம் சேர்ப்பது மட்டையைச் சுற்றுகிற கனத்தை ஆயிரத்தில் ஒரு சில பங்குதான் மாற்றும், அதே 20 கிராமைப் பந்து படுகிற பக்கத்தில் ஒட்டினால் நூற்றுக்கு ஒரு சில பங்கு மாறும். முடுக்கமும் அப்படித்தான். செக்கனுக்கு 40 ரேடியன் சுற்றும்போது சுழலும் மையத்திலிருந்து 5 சென்ரிமீற்றரில் 8 ஜி, 10 இல் 16 ஜி, 69 இல் 112 ஜி. பிடி முனையைத் தவிர வேறெங்கும் இந்தச் சிப்பின் 16 ஜி எல்லை போதாது.

"பந்து பட்ட நேரத்தைப் பிழையாகப் பிடிக்குது"

வடிகட்டியைப் பாருங்கள். இரைச்சல் குறையட்டும் என்று சிப்பின் உள்வடிகட்டியை 5 ஹெர்ட்ஸில் வைத்தால் எண் 18 மில்லி செக்கனுக்கு மேல் பிந்தி வரும். அதற்குள் மட்டை பந்தைத் தாண்டி எங்கோ போய்விட்டது. 188 ஹெர்ட்ஸில் வைத்தால் பிந்துவது 2 மில்லி செக்கனுக்குள்.

பிறகு மாதிரி எடுக்கிற வேகம். 100 ஹெர்ட்ஸ் என்றால் இரண்டு எண்ணுக்கு நடுவில் 10 மில்லி செக்கன், செக்கனுக்கு 30 மீற்றரில் போகிற மட்டை அதற்குள் 30 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். 1000 ஹெர்ட்ஸ் தேவை. "1000 தான் வைச்சிருக்கிறன்" என்பவரிடம் நான் கேட்பது: உண்மையில் ஒரு செக்கனுக்கு எத்தனை வரி வருகிறது என்று எண்ணிப் பார்த்தீர்களா? சென்சரையும் போர்ட்டையும் இணைக்கிற ஐ2சி வயரை வழமையான 100 கிலோஹெர்ட்ஸில் விட்டால் ஒரு வாசிப்புக்கே ஒன்றரை மில்லி செக்கன் போகும், ஆயிரம் எப்படி வரும்? அதை 400 க்கு ஏற்றுங்கள். எடுத்த ஒவ்வொரு எண்ணையும் கணினித் திரைக்கு 115200 வேகத்தில் அச்சடித்தால், வரிக்கு நாற்பது எழுத்து என்று வைத்தாலும் செக்கனுக்கு 288 வரிதான் போகும். சிப்பின் உள் சேமிப்பை நம்பலாம் என்றால் அது 1024 பைற், ஆறு எண்ணுக்கு 12 பைற் வீதம் 85 மாதிரி, ஒரு வீச்சின் பாதியிலேயே நிரம்பிவிடும்.

எண்களை ஈஎஸ்பி32 இன் நினைவகத்தில் வட்டமாக எழுதிக்கொண்டே போங்கள், அடி விழுந்ததும் அதற்கு முன்னுள்ள அரைச் செக்கனையும் பின்னுள்ள கொஞ்சத்தையும் எடுத்து, எல்லாம் அடங்கிய பிறகு ஆறுதலாக அனுப்புங்கள். ஒரு செக்கனுக்கு 12 கிலோபைற்தான், தாராளமாக இடமிருக்கிறது.

"சும்மா நிக்கேக்கயும் அடி எண்டு எண்ணுது"

பேஸ்போலில் பந்து வரும்வரை மட்டையை ஆட்டிக்கொண்டே நிற்பார்கள், கிரிக்கெட்டில் நிலத்தில் தட்டுவார்கள். தட்டினால் முடுக்கம் துள்ளும், ஆனால் சுழற்சி இருக்காது. ஆட்டினால் சுழற்சி இருக்கும், அடி இருக்காது. இரண்டும் சேர்ந்தால் மட்டும் எண்ணச் சொல்லுங்கள்: செக்கனுக்கு 600 பாகைக்கு மேல் ஒரு 50 மில்லி செக்கனாவது நிற்க வேண்டும், அதன் முடிவில் முடுக்கம் துள்ள வேண்டும். 600 என்பது என் எண், சின்னப் பிள்ளைகள் அடித்தால் குறையுங்கள். பந்து படாத வீச்சும் வேண்டுமென்றால் துள்ளலை விட்டுவிட்டு சுழற்சி உச்சத்தை மட்டும் பாருங்கள்.

"புளூடூத் விட்டு விட்டு வருது"

அலுமினிய மட்டைக்குள் வைத்தீர்களா? மூடிய உலோகக் குழாய்க்குள்ளிருந்து சிக்னல் வெளியே வராது. அன்ரெனா இருக்கிற முனை பிளாஸ்டிக் மூடிக்குள், உலோகத்துக்கு வெளியே நிற்க வேண்டும். மரத்தில் அந்தக் கரைச்சல் இல்லை, ஆனால் உள்ளங்கை பொத்திப் பிடித்தால் அதுவும் உறிஞ்சும். நினைவகத்தில் சேர்த்து வைத்துப் பிறகு அனுப்புகிறவருக்கு இது பெரிய பிரச்சினையே இல்லை.

"திசை சுற்றிக்கொண்டு போகுது"

காந்த உணரியும் சேர்ந்த ஒன்பது அச்சு மொடியூல் வாங்கியவர்களின் கவலை இது. அடி தொடங்கிப் பந்து படும்வரை 150 மில்லி செக்கன் அளவுதான். ஓய்வு விலகலைக் கழிக்கவே இல்லை, முழு 20 பாகையும் இருக்கிறது என்று வைத்தாலும் அதற்குள் 3 பாகைதான் பிழைக்கும். ஒவ்வொரு அடிக்கும் முன் ஆள் அசையாமல் நிற்கிற கணத்தில் பூச்சியமாக்கினால் அதுவும் இல்லை. காந்த உணரியை அணைத்துவிடுங்கள். அணைக்க மனமில்லை என்றால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: ரொறன்ரோவில் பூமியின் காந்தப்புலம் 70 பாகை அளவில் நிலத்துக்குள் குத்திட்டு இறங்குகிறது, காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற யாழ்ப்பாணத்தில் அது ஏறத்தாழக் கிடையாகவே ஓடுகிறது. அங்கே சரிப்படுத்திய மாறிலிகளை அப்படியே இங்கே போட்டால் திசை பிழைக்கத்தான் செய்யும். தகரக் கொட்டகைக்குள் சரிப்படுத்தினால் இன்னும் பிழைக்கும்.

"பற்றரி சுடுது" அல்லது "ஊதியிருக்கு"

இதை மட்டும் பகிடியாக எடுக்க வேண்டாம். கடையில் கிடைக்கிற டிபி4056 சார்ஜ் மொடியூல் 1 அம்பியர் தள்ளும்படிதான் வரும். நீங்கள் குமிழில் வைத்திருப்பது 150 மில்லி அம்பியர் மணிப் பற்றரி. ஏழு மடங்கு வேகத்தில் ஏற்றினால் அது சுடாமல் என்ன செய்யும்? மொடியூலில் சிப்பின் இரண்டாவது காலோடு போகிற, 122 என்று எழுதிய குட்டித் தடையைக் கழற்றி 10 கிலோஓம் போடுங்கள், 130 மில்லி அம்பியருக்கு இறங்கும். மட்டையிலிருந்து பிடுங்காமல் இரவு முழுக்கச் சார்ஜில் விடாதீர்கள். ஊதின பற்றரியை அழுத்திப் பார்க்கவோ திரும்ப ஏற்றவோ வேண்டாம், கழற்றி வெளியே மணலில் வையுங்கள். பந்து தவறிக் குமிழில் பட்டு மூடி நசிந்திருந்தால் எண் சரியாக வந்தாலும் திறந்து பற்றரியைப் பாருங்கள்.

"ரெண்டு மாதம் நல்லா ஓடினது, இப்ப காலமையில வேலை செய்யுது, பின்னேரம் இல்லை"

கடற்காற்றும் கை வியர்வையும். ஈயப்பற்றில் பச்சையாகப் பூத்திருக்கும். மதுசாரத்தில் நனைத்த பழைய பற்தூரிகையால் தேய்த்துக் காயவிட்டு, நிறமில்லாத நெயில் பொலிஷை இரண்டு பூச்சுப் பூசுங்கள். செருகிகளுக்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும், இந்தச் சிப்பில் காற்றுத் துளை எதுவும் இல்லை. கச்சான் காற்று ஓய்ந்தாலும் உப்பு ஓயாது, ஆகவே மூடியின் விளிம்பிலும் சிலிக்கன்.

"எல்லாம் சரி, ஆனா எண்ணை நம்பலாமோ?"

போனை எடுங்கள். செக்கனுக்கு 240 படம் எடுத்து மெதுவாக ஓடுகிற வீடியோ இப்போது நடுத்தர விலைப் போனிலும் இருக்கிறது. அடிப்பவரின் நேர் முன்னால் போனை அசையாமல் நிறுத்தி, போனிலிருந்து மட்டை போகிற அதே தூரத்தில், மட்டை தட்டாத இடத்தில், அளந்து குறித்த ஒரு தடியையும் நிறுத்துங்கள். ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் 4.17 மில்லி செக்கன். செக்கனுக்கு 30 மீற்றரில் போகிற மட்டை அதற்குள் 12.5 சென்ரிமீற்றர் நகரும், பந்து படுவதற்கு முந்திய இரண்டு படங்களில் அந்த நகர்வை அளந்துவிடலாம். படம் மங்கலாக இருந்தால் வெளிச்சம் போதாது, காலை வெயிலில் எடுங்கள். சென்சரும் வீடியோவும் பத்து வீதத்துக்குள் ஒத்தால் விளையாடுங்கள், அதை விடக் கூடினால் முதலில் அந்த மார்க்கர் கோட்டைப் பாருங்கள், பிறகு தூரத்தைத் திரும்ப அளந்து பாருங்கள், புரோகிராமைத் திறப்பது அதற்கும் பிறகு.